உப்புக் காற்றும் பழைய குடும்பப் படங்களும்

கேள்வி: என் மாமியார் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 புயலின்போது மண்டபத்தில் தாய்மாமன் வீட்டில் இருந்ததால் தப்பிய சில பழைய படங்கள் இப்போது எங்களிடம் உள்ளன. சிலவற்றில் பூஞ்சை படிந்திருக்கிறது. ஒரு படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு பழையவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறான் மகன். என்ன செய்வது?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: பழைய படங்களைத் தயவுசெய்து தூக்கிப் போட வேண்டாம். ஆனால் பூஞ்சையைத் துடைப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் மாமியாரிடம் காட்டி, இருப்பவர் யார், யாருக்கு என்ன உறவு, எந்த விசேஷத்தில் எடுத்தது என்று கேட்டு, அவர் பேசுவதை அவர் குரலிலேயே செல்பேசியில் பதிவு செய்யுங்கள். பூஞ்சை அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும். பெயர்கள் அவர் ஒருவரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. படம் ஒட்டியிருக்கும் அட்டையில் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கொழும்பு என்றிருந்தால், 1914 முதல் புயல் வரை தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலில் குடும்பத்தார் யார் யார் போய்வந்தார்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலிருந்தே பாதி வரலாறு வெளிவரக்கூடும். கிடைத்த விவரங்களைப் படத்தின் பின்புறம் ஓரமாக, மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும்.

அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படம் என்பது ஜெலட்டின் படலத்தில் பதிந்த வெள்ளித் துகள்களே. ஜெலட்டின் ஈரத்தை இழுத்து இளகும். அதனால்தான் கடற்கரை வீடுகளில் படம் கண்ணாடியைப் பற்றிக்கொள்கிறது. அதைப் பிய்க்க முயன்றால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பூஞ்சை பிடித்தவற்றை ஈரத்துணியால் தொடாமல், காற்றாடும் நிழலில் நன்றாக உலரவிட்டு, பிறகு மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டிவிடுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம். பசைத்தாள் ஆல்பங்கள் வேண்டாம். அமிலமில்லாத காகித உறைகளில் இட்டு, மூடியுள்ள பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். ராமபாணப் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும்.

மகன் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. நகல் கட்டாயம் தேவை. ஆனால் செல்பேசிப் படம் போதாது. அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம், பின்புற எழுத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யச் சொல்லி, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்ப வேண்டும்.

வீட்டுப் படங்களுக்கு வெளியே என்ன மதிப்பு என்று மகன் கேட்டால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழக ஸ்டுடியோக்களின் பழைய குடும்பப் படங்களைத் தேடி மின்னணுவாக்கம் செய்திருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். ஓர் ஊரே கடலோடு போன பிறகு, அந்த ஊர் மக்கள் எப்படி உடுத்தினார்கள், எப்படி நின்றார்கள் என்பதற்கு உங்கள் பெட்டி ஒரு சாட்சி.

குறைந்தது மூன்று நகல்கள் இருக்கட்டும்: ஒன்று வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று இணையச் சேமிப்பில், மூன்றாவது கடலோரத்துக்கு வெகு தொலைவில், மதுரையிலோ திருச்சியிலோ வசிக்கும் ஓர் உறவினர் வீட்டில். மாமியாரின் குரல் பதிவையும் அவற்றோடே வையுங்கள்.