கதம்பை அழுகப்போடுவதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: தென்னை நார் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் 'ரெட்' என்று ஒரு வினைச்சொல் வருகிறது. எழுத்து ஆர், இ, டி (ret). அகராதியில் 'ஊறவை' என்றுதான் இருக்கிறது. வாக்கியத்தில் எப்படிப் போடுவது?

குமரி மாவட்டத்து ஈத்தாமொழி, மணக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு அகராதியே வேண்டாம். காயல் தண்ணீரில் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, அழுகப்போடுவோமே, அதுதான் 'ரெட்'. 'ஊறவை' என்பது பாதிப் பொருள். அரிசியும் ஊறும், அழுக்குத் துணியும் ஊறும். அவற்றுக்கு 'சோக்' போதும். நாரைப் பிடித்திருக்கும் பசையை நுண்ணுயிர்கள் கரைத்துக் கழற்றும் வரை போட்டுவைத்தால் மட்டுமே 'ரெட்'. ஆகவே கதம்பை, சணல் தண்டு, ஆளிச்செடி என நார் தரும் பொருள்கள்தான் இதனோடு சேரும். 'ரெட் த ரைஸ்' என்று எழுதினால் சிரிப்பார்கள்.

அழுகலைக் குறிக்கும் 'ராட்' இதற்கு உறவுச் சொல். ஆனால் கதம்பைக்கு ஆங்கிலத்தில் 'ஹஸ்க்'; 'த ஹஸ்க்ஸ் ராட்டட்' என்று எழுதினால், சரக்கு கெட்டுப்போச்சு என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார்.

இறந்தகாலம் 'ரெட்டட்', 'ரெட்டிங்' பெயராகவும் வரும். இரண்டிலும் டி எழுத்து இரட்டிக்கும். விட்டுவிட்டால் வேறு சொல்போல் தெரியும். தொழிலின் பெயராக 'ரெட்டிங்' வரும்போது முன்னால் 'எ' போட வேண்டாம். கைபேசியில் அடித்தால் அதைச் 'செட்டிங்' ஆக்கிவிடக்கூடும், அனுப்புமுன் ஒருமுறை பாருங்கள். 'ரெட்' பெரிய எழுத்தில் தொடங்கிப் புள்ளியோடு ஒருவர் பெயருக்குப் பின்னால் நின்றால் அது வேறு கதை: ஓய்வுபெற்றவர் என்று பொருள்.

இந்தச் சொல் பெரும்பாலும் செயப்பாட்டு வினையில்தான் வரும். மனிதன் போட்டுவிட்டு வருகிறான், வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்கிறது. மாதிரிக்கு ஒன்று: 'த ஹஸ்க்ஸ் ஆர் ரெட்டட் இன் பிராக்கிஷ் வாட்டர் ஃபார் சிக்ஸ் டு டென் மந்த்ஸ்.' கதம்பையை உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் 6 முதல் 10 மாதம் அழுகப்போடுவார்கள். இதில் 'இன்' இடத்தைச் சொல்கிறது, 'ஃபார்' காலத்தை. 'ஃபார்' வரவேண்டிய இடத்தில் 'சின்ஸ்' போடுவது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது 'லெஃப்ட் டு ரெட்'. 'த பண்டில்ஸ் வேர் லெஃப்ட் டு ரெட் இன் த பாண்ட்' என்றால், கட்டுகளைக் குளத்தில் அழுகப் போட்டிருந்தார்கள். 'அழுக', 'அழுகப்போட' என்று தமிழ் பிரிப்பதை ஆங்கிலம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. அதனால் 'த ஹஸ்க்ஸ் ரெட் ஸ்லோலி' என்பதும் சரியான வாக்கியமே.

தரம் பற்றி எழுத முன்னொட்டுச் சேர்ப்பார்கள். 'ஓவர் ரெட்டட்' என்றால் நாள் கடந்து அழுகியது, நார் வலுவிழந்து அறும். 'அண்டர் ரெட்டட்' என்றால் அழுகல் போதாதது. அடித்தாலும் தூள் நாரைவிட்டுப் போகாது. ஆளிச்செடியை வயலில் பரப்பிப் பனியில் பதமாக்குவதற்கு 'டியூ ரெட்டிங்' என்று பெயர். ஆங்கில எடுத்துக்காட்டு வாக்கியங்களில் ஆளிச்செடியே திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். லினன் துணிக்கு நார் அதிலிருந்துதான்.

இன்னொன்று. 'ரெட்' செய்வது கதம்பையை, கிடைப்பது 'காயர்' எனும் கயிற்று நார். 'காயர் ரெட்டிங்' என்று பலர் எழுதுகிறார்கள், புரியும். ஆனாலும் 'ஹஸ்க் ரெட்டிங்' என்பதே துல்லியம்.

தும்பு ஆலையில் கதம்பையைச் சில நாள் மட்டும் நனைத்து இயந்திரத்தில் அடித்து எடுக்கும் பழுப்பு நாருக்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள். அங்கே 'சோக்ட்' என்றே எழுதுங்கள். 'ரெட்டட்' என்று விலைப்பட்டியலில் போட்டால், மாதக்கணக்கில் காயலில் கிடந்த வெள்ளை நாரை எதிர்பார்த்துத்தான் ஆள் வருவார்.