ஜவ்வாது மலையில் அரிய பறவை உண்டா? மரம் நட்டால் காப்பாற்றலாமா?

உண்டு. மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. வேலூர்க்காரர்கள் 'மொட்டை மலை' என்று கேலி செய்கிறோமே, அந்த மாதிரிப் பாறைச் சரிவும் புதர்க்காடும்தான் அதன் வீடு. அதனால் கண்ட இடத்தில் குழி தோண்டி மரம் நடுவது அதற்கு உதவாது. பாறையிடுக்கில் முளைக்கும் அத்தியையும் பழம் தரும் புதர்களையும் வெட்டாமல், தீ வைக்காமல் விட்டாலே பெரிய காரியம். கல்குவாரிதான் பெரிய எதிரி. காடு அழிந்தால் காலப்போக்கில் துளிர்க்கலாம், உடைத்த பாறை முளைக்குமா?

சிறிய பரப்பில் வாழும் பறவைகளுக்குப் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. நீலகிரி சோலைக்கிளியை எடுத்துக்கொள்ளுங்கள். (பெயரில்தான் கிளி, மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை.) குளிர்ந்த உயரத்துச் சோலைக்காட்டை விட்டு அது கீழே இறங்காது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இருப்பது வேறு இனம். ஆக ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் நடுவில் புகுந்து சோலையைத் துண்டாக்கினால், பக்கத்துத் துண்டுக்குப் போவதே அதற்குப் பெரும்பாடு. வெப்பம் கூடினால் மேலே ஏறலாம்தான், ஆனால் உச்சிக்கு மேல் மலை ஏது?

அப்புறம், சின்னானைப் பார்க்க ஜவ்வாது பக்கம் போனால், போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். கூடு கட்டும் நேரத்தில் அது வீண் தொல்லை. விடியற்காலையில் பாறையோரம் சும்மா உட்கார்ந்திருங்கள்.