கழுத்துச் சிலுவை: கடிதமும் பதிலும்

அன்பின் அக்கா,

பாரிசுக்கு வெளியே ஓர் அரசு ஆஸ்பத்திரியில் தாதி உதவியாளராக வேலை செய்கிறேன். அம்மா மடு மாதா கோவிலிலிருந்து வாங்கிவந்து போட்டுவிட்ட சின்னச் சிலுவை எப்போதும் என் கழுத்தில் இருக்கும். போன மாதம் புதிதாக வந்த மேற்பார்வையாளர் அதைக் கழற்றச் சொன்னார். நகத்தளவு சிலுவை, அதனால் யாருக்கு என்ன இடைஞ்சல்? சாப்பாட்டு அறையில் பாதர்மாரைப் பற்றிப் பகிடி கதைக்காத நாளில்லை. அவர்கள் சிரிக்கும்போது நான் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன். மகன் கொலேஜில், அதாவது இங்குள்ள நடுநிலைப் பள்ளியில், படிக்கிறான். பூசைக்கு உதவி செய்கிறவன் என்று தெரிந்ததிலிருந்து அவனுக்கும் பட்டப்பெயர். பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆண்டவரின் கடைசி இராவுணவை என்ன பாடு படுத்தினார்கள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். மற்றவர்களைத் தொடப் பயப்படுகிறவர்கள் எங்களை மட்டும் மிதிக்கிறார்கள். சிலுவையை உடுப்புக்குள் ஒளிப்பதா, வேலை போனாலும் போகட்டும் என்று எதிர்த்து நிற்பதா? பிள்ளைக்கு என்ன சொல்லி வளர்ப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புத் தங்கச்சிக்கு,

என்னைப் பதில் எழுத உட்காரவைத்தது உங்கள் கடிதத்தின் ஒரே ஒரு வரி: ‘தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன்.’ அந்தத் தட்டைப் பற்றி யாரிடமாவது சண்டை போட வேண்டும் என்று சில வருடங்களாகக் காத்திருந்தேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள். அதற்கு முன் மற்றவற்றை ஒதுக்கிவிடுகிறேன்.

சட்டத்தில் உங்களுக்குச் சாதகமாக ஒன்றும் இல்லை. பிரான்சில் அரசுப் பணியில் இருப்பவர் வேலை நேரத்தில் மத அடையாளம் எதையும் காட்டக் கூடாது. நகத்தளவு, கையளவு என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது. நான் தபால் பிரிக்கப் போன காலத்திலும் இதே விதிதான். சங்கிலியைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். ‘எங்களை மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வார்டில் ஒரு முஸ்லிம் பெண்ணாவது வேலை செய்யாமலா இருப்பாள்? காலையில் அவள் முக்காட்டை அவிழ்த்துப் பையில் வைத்துவிட்டு வருகிறாளா என்று ஒருநாள் பாருங்கள். ஸ்ட்ராஸ்பூரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2015-இல் தோற்ற பிரெஞ்சு ஆஸ்பத்திரி ஊழியரும் முக்காட்டுக்காகத்தான் போனார். அதே நீதிமன்றத்தில் 2013-இல் இங்கிலாந்துப் பெண்கள் இருவரின் சிலுவை வழக்குகள் ஒன்றாக வந்தன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர் ஜெயித்தார். நர்ஸ் தோற்றார், நோயாளி பிடித்து இழுத்துவிடலாம், புண்ணில் படலாம் என்று. வார்டில் வேலை செய்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. உங்கள் சிலுவையைக் கழற்றச் சொல்லும் இதே மதச்சார்பின்மைதான் அரசு ஆஸ்பத்திரிகளில் ஆன்மகுருவை வைத்துக்கொள்ளவும், அவருக்குச் சம்பளம் கொடுக்கவும் இடம் தருகிறது. அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905-ஆம் வருடத்துப் பிரிவினைச் சட்டத்தின் இரண்டாவது பிரிவிலேயே அது இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு முன்பே கட்டிய கோவில்களின் கூரை ஒழுகினால் பழுதுபார்ப்பது நகராட்சி. அரசோடு ஒப்பந்தம் செய்த கத்தோலிக்கப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு. விண்ணேற்பும் சகல பரிசுத்தவான்கள் திருநாளும் விடுமுறை. மிதிக்கிறார்களாம்! மிதித்தால் எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமா? 1903-இல் கிராந்த் ஷார்த்ரூஸ் மடத்திலிருந்து துறவிகளைப் பட்டாளம் வந்து வெளியேற்றியது. அடுத்த வருடம் அம்பலமானது அதைவிடக் கேவலம். எந்த அதிகாரி பூசைக்குப் போகிறான், எவன் பிள்ளைகளைச் சாமியார் பள்ளிக்கு அனுப்புகிறான் என்று ஃப்ரீமேசன் என்ற இரகசியச் சங்கத்தார் வேவு பார்த்து ஆயிரக்கணக்கில் சீட்டுகள் எழுதிக் கொடுக்க, போர் அமைச்சகம் அதைப் பார்த்துப் பதவி உயர்வை நிறுத்திவைத்திருந்தது. போர் அமைச்சராக இருந்த ஜெனரல் அந்திரே பதவியையே இழந்தார். அதற்குப் பெயர் விரோதம். உங்களுக்கு நடந்தது ஒரு மேற்பார்வையாளர் விதிமுறைப் புத்தகத்தைப் படித்தது.

ஒலிம்பிக் விழாவைப் பற்றி ஒன்றே ஒன்று. அது நடந்தது 2024 ஜூலை 26. அதே தேதியில், 2016-இல், நோர்மாந்தியில் ழாக் அமேல் என்ற 85 வயதுக் குருவானவரைக் காலைப் பூசையின்போது பீடத்தருகே கழுத்தறுத்துக் கொன்றார்கள். விழா முடிந்த இரவு என் கைப்பேசி தமிழ்க் கத்தோலிக்கர்களின் கண்டனச் செய்திகளால் நிரம்பி வழிந்தது. அமேல் சாமியாருக்கு அன்று நினைவு நாள் என்று ஒருவரும் ஒரு வரி அனுப்பவில்லை. போகட்டும்.

இப்போது சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன்.

அவர்கள் பாதர்மாரைப் பற்றி என்ன பகிடி விடுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமலே தெரியும். இந்த நாட்டில் அந்தப் பகிடி எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் தட்டைப் பார்த்தீர்கள். தங்கச்சி, அந்த அறிக்கையைப் படித்தீர்களா?

2021 அக்டோபர் 5 அன்று வெளியான அறிக்கையைச் சொல்கிறேன். 1950 முதல் பிரெஞ்சுத் திருச்சபைக்குள் சிறுவர்கள்மேல் நடந்த பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த ஆணையம். அதன் தலைவர் ஜான்-மார்க் சொவே, நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றத்தை நடத்தியவர், பூசைக்குப் போகும் கத்தோலிக்கர். ஆணையத்தைக் கேட்டது ஆயர் பேரவையும் துறவியர் பேரவையும். பணம் கொடுத்ததும் அவர்களே. ஆகவே ‘எதிரிகளின் சதி’ என்ற கதையை என்னிடம் யாரும் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தார்கள், கோவில் வாசலில் வைத்தே சொன்னார்கள், அதனால்தான் இவ்வளவு காட்டமாக எழுதுகிறேன். குருக்களாலும் துறவிகளாலும் சீரழிக்கப்பட்ட பிள்ளைகள் 2,16,000 பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். பள்ளி, முகாம், மறைக்கல்வி என்று திருச்சபையில் வேலை செய்த பொதுநிலையினரையும் சேர்த்தால் 3,30,000. அப்படிச் செய்த குருக்களும் துறவிகளும் 2,900 முதல் 3,200 பேர் வரை. பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேர் பையன்கள். வயது பெரும்பாலும் 10-லிருந்து 13. உங்கள் மகனுக்கு எத்தனை வயது?

அறிக்கைக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறு பூசையில் வாசித்த நற்செய்தியில் ‘சிறு பிள்ளைகளை என்னிடம் வர விடுங்கள்’ என்ற பகுதி வந்தது. யாரும் ஏற்பாடு செய்ததல்ல, திருவழிபாட்டு நாட்காட்டி அப்படி. அடுத்த ஞாயிறு, அறிக்கை வந்து நாடே அதைப் பேசிக்கொண்டிருந்தபோது, நான் போகும் தமிழ்ப் பூசையில் பணக்கார வாலிபனைப் பற்றிப் பிரசங்கம். நல்ல பிரசங்கம்தான். அறிக்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை, விசுவாசிகள் மன்றாட்டிலும் இல்லை. வெளியே வந்து ‘ஏன் ஃபாதர்?’ என்று கேட்டதற்கு, பின்னால் நின்ற ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து, ‘இதெல்லாம் நம்ம வாயால சொல்லலாமா’ என்றார். அந்தப் பெரியம்மாமேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் ஊரில் மாதா சுரூபத்தின் முன்னால் செருப்புச் சத்தம் கேட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற தலைமுறை அவர். உங்கள்மேல்தான் கோபம். நீங்கள் இந்த நாட்டில் படித்தவர், பிரெஞ்சு தெரியும், ஆஸ்பத்திரியில் அடிபட்ட பிள்ளைகளைப் பார்க்கிறவர். அந்த மேசையில் இருக்கும் ஒருவர் அந்த லட்சங்களில் ஒருவராக இருக்கலாம் என்று உங்களுக்கு ஒருநாளும் தோன்றவில்லையா? சிரித்தவரில் ஒருவராகவே இருக்கலாம்.

ஆயர்கள் அதே வருடம் நவம்பரில் லூர்தில் கூடி, நிறுவனமாகத் தங்களுக்குப் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டு மண்டியிட்டார்கள். லூர்தில்! ஆகஸ்டில் நம்மவர்கள் பேருந்து பேருந்தாகப் போய் மெழுகுதிரி கொளுத்தும் அதே இடத்தில். ஆயரே முழந்தாள் போட்ட விஷயத்தில் நாம் தட்டைப் பார்க்கிறோம். அபே பியேர் என்ற குருவானவரின் கதையும் அப்படித்தான் வெளிவந்தது. 1954 குளிரில் வீடற்றவர்களுக்காக வானொலியில் கூப்பாடு போட்டவர், பிரான்சே தன் தாத்தாவாக நினைத்தவர். பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்தை 2024-இல் ஊருக்குச் சொன்னது அவரே தொடங்கிய எம்மாவுஸ் இயக்கம். அடுத்த வருடம் அவர் பெயரில் இருந்த அறக்கட்டளை பெயரையே மாற்றிக்கொண்டது. அவர் படம் என் சமையலறையில் இருந்தது. கழற்றும்போது அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா காரைக்காலில் குமாஸ்தா. மதத்தைப் பற்றி வெளியே பேசவே மாட்டார். ஆனால் அவர் வேதக்காரர் என்று அலுவலகம் முழுக்கத் தெரியும். தவசுகாலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி, வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத சுத்தபோசனம், அன்றைக்குப் பக்கத்து மேசைக்காரர் கோழி வறுவலை நீட்டினால் ‘நாளைக்குக் குடுங்க’ என்பார். ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அவருடைய நண்பர், அதிரசத்தை மென்றுகொண்டே, ‘உங்க கோயில்லயும்தான் சாதி இருக்கே, அப்புறம் எதுக்கு மாறினீங்க?’ என்று கேட்டார். எனக்கு அப்போது உங்கள் மகன் வயது இருக்கும். அம்மா உள்ளே போய்விட்டார். அப்பா நிமிர்ந்து, ‘இருக்கு. சுவரே கட்டி வச்சிருந்தோம்’ என்றார். பிறகு புதுச்சேரிக் கோவிலின் கதையைச் சொன்னார்: உள்ளே தலித் கிறிஸ்தவர்களைத் தனியே உட்காரவைக்கக் கட்டியிருந்த சுவர், காரைக்காலிலிருந்து திருவிழாவுக்குப் போன சாமியார் அதைக் கண்டது, அந்த மக்கள் திரண்டுபோய் முறையிட்டது, சுவரை இடித்தது. 1745-இல் நடந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். நண்பர் விடவில்லை. ‘அப்ப இப்ப சுவர் இல்லியா?’ அப்பா சொன்னார்: ‘கல்லறையில இருக்கு. பக்கத்து ஊர்ல. வாங்க, காட்டறேன்.’

காட்டவும் கூட்டிக்கொண்டு போனார், என்னையும் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து. அந்தச் சுவரைத் தட்டிக் காட்டியபோது அப்பாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் கழுத்தில் சட்டைக்குள்ளே மாதாவின் துணிப்பதக்கமான உத்தரியம் கிடந்தது, யாருக்கும் தெரியாது. விசுவாசத்தை வெளிப்படையாக வாழ்வது பற்றி யார் கேட்டாலும் எனக்கு அந்தச் சைக்கிள் பயணம்தான் நினைவுக்கு வருகிறது. உங்கள் மேசையில் அப்பா இருந்திருந்தால், ‘ஆமாம், செய்தார்கள், மூடியும் மறைத்தார்கள், நான் அந்தத் திருச்சபையைச் சேர்ந்தவன், இன்னும் அங்கேதான் போகிறேன், ஏன் போகிறேன் என்று கேளுங்கள்’ என்றிருப்பார். அதற்குப் பிறகும் அவர்கள் சிரித்தால் அதற்குப் பெயர் பகை, எனக்கு எழுதுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் கோபப்படுகிறேன். சொல்லாதவரை நீங்கள் கழுத்தில் மாட்டுவது வெறும் நகை.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ? இருக்கட்டும்.

2025 ஈஸ்டர் இரவின் பாஸ்குத் திருவிழிப்பில் பிரான்சில் ஞானஸ்நானம் பெற்ற பெரியவர்கள் 10,384 பேர். முந்தின வருடத்தைவிட 45% அதிகம். பெரும்பாலும் இளைஞர்கள். எந்த மதமும் இல்லாத வீட்டுப் பெண் ஒருத்திக்கு நான் ஞானத்தாயாக நின்றேன். முதல் சந்திப்பிலேயே அவள் கேட்டது அறிக்கையைப் பற்றி. முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தாள். படித்த பிறகும் ஏன் வந்தாய் என்று நான் கேட்டேன். ‘நீங்கள் ஏன் போகவில்லை?’ என்று திருப்பிக் கேட்டாள். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினோம். அவளுடைய அலுவலகத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், சாம்பல் புதனன்று நெற்றியில் பூசிய சாம்பலோடு போய் நின்றிருக்கிறாள். தனியார் நிறுவனம், ஆகவே அவளுக்கு அது முடியும். உங்களுக்கு முடியாது.

ஆகவே சிலுவையைக் கழற்றி வேலை உடுப்பின் உள்பையில் போட்டுக்கொள்ளுங்கள், வாசலைத் தாண்டியதும் மாட்டிக்கொள்ளுங்கள். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. மகன் பள்ளிக்குச் சின்னச் சிலுவை அணிந்து போகலாம். 2004-ஆம் வருடச் சட்டம் பெரிதாகக் கண்ணில் படுவதைத்தான் தடுக்கிறது. பட்டப்பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கொலேஜில் பட்டப்பெயர் இல்லாத பிள்ளை எது?

அவனைப் பற்றி வேறு ஒரு கவலை இருக்கட்டும். பூசைக்கு முன்னும் பின்னும் உடுப்பு மாற்றும் அறையில் அவனோடு யார் இருக்கிறார்கள்? கதவு திறந்திருக்கிறதா? பீடச் சிறுவர்களைச் சுற்றுலா கூட்டிப்போகும்போது இரண்டு பெரியவர்களாவது உடன் போகிறார்களா? மறைமாவட்டத்தில் முறைப்பாடு கேட்கும் பிரிவின் தொலைபேசி எண் உங்கள் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறதா? வருகிற ஞாயிறே பாதரிடம் கேளுங்கள், மகன் பக்கத்தில் நிற்கும்போதே, அவன் காதில் விழும்படி. நல்ல பாதர் என்றால் உட்காரவைத்துப் பதில் சொல்வார். கோபித்துக்கொண்டால் எனக்கு எழுதுங்கள், நானே ரயிலேறி வருகிறேன்.

அன்புடன்,
அக்கா