புதியவருக்கேற்ற மலைத்தடம் எது?

கேள்வி: அண்மையில் மவுண்டன் பைக் வாங்கியுள்ளேன். அருகில் குன்றுகளும் மண்பாதைகளும் இருந்தாலும், அவற்றுள் புதியவர்களுக்கு ஏற்றவை எவை என்று தெரியவில்லை. அத்தகைய தடங்களைக் கண்டறிந்து, பிறருக்கும் பயன்படும் வகையில் வரைபடத்தில் பதிவது எப்படி?

பதில்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தேடலைத் தொடங்குங்கள். 2004-இல் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் வளர்ந்துவரும் இந்த வரைபடத்தில், சாலை வரைபடங்கள் விட்டுவிடும் ஒற்றையடிப் பாதைகளும் பல பகுதிகளில் இடம்பெற்றிருக்கின்றன. ட்ரெயில்ஃபோர்க்ஸ் செயலியில் தடங்களின் கடினநிலையையும் காணலாம். உடற்பயிற்சிப் பயணங்களைப் பதியும் செயலியான ஸ்ட்ராவாவின் ஹீட்மேப், மக்கள் அதிகமாகச் சென்றுவரும் பாதைகளைக் காட்டும். ஆனால் அங்கே ஓட்ட அனுமதி உண்டா என்பதைக் காட்டாது. நிலம் தனியாருக்குரியதா, பாதுகாக்கப்பட்ட வனமா என்பதை நேரில் விசாரித்த பிறகே சைக்கிளை இறக்க வேண்டும்.

பாதையின் நீளத்தைக் காட்டிலும் சரிவையே முதலில் பாருங்கள். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்கியுள்ள இடத்தில் நிலம் செங்குத்தாக இருக்கும். ஆயினும் பாதை அக்கோடுகளை வெட்டிச் செல்கிறதா, அவற்றை ஒட்டியே செல்கிறதா என்பதைப் பொறுத்தே ஓட்டுபவர் உணரும் ஏற்றம் அமையும். கோடுகளை ஒட்டிச் செல்லும் பாதை ஏறக்குறைய சமமாக இருந்தாலும், ஒருபுறம் பள்ளம் இருக்கக்கூடும் என்பதால் அதன் அகலம் முக்கியமாகிறது. 1988-இல் உருவான பன்னாட்டு மவுண்டன் பைக்கிங் சங்கத்தின் வகைப்பாட்டில், பச்சை வட்டக் குறியுள்ள எளிய தடத்தின் சராசரிச் சரிவு 5 சதவீதத்துக்குள்ளும், அதாவது 100 மீட்டர் தொலைவுக்கு 5 மீட்டர் உயரத்துக்குள்ளும், மிகச் செங்குத்தான இடத்திலும் 15 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். அகலம் சுமார் 90 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

இவ்வளவு பார்த்த பிறகும், உதிரிச் சரளையையும் மரவேர்களையும் மழைநீர் அரித்த ஓடைகளையும் வரைபடத்திலிருந்து அறிய இயலாது. எனவே முதல்முறை அந்தத் தடத்தை நடந்தே கடந்து பாருங்கள் என்று வலியுறுத்துவேன். எந்தத் திசையில் ஓட்டுவது என்பதும் அப்போதுதான் தெளிவாகும். ஏறும்போது எளிதாகத் தோன்றும் படிக்கற்கள் இறங்கும்போது ஆபத்தாகலாம்.

பதிவு செய்வதற்குக் கைப்பேசியே போதும். வரைபடத்தை முன்னதாகவே தரவிறக்கிக்கொண்டு, பயணத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாக, அதாவது சென்ற வழியின் ஜிபிஎஸ் பதிவாகச் சேமியுங்கள். திறந்த வானத்தின் கீழ் கைப்பேசியின் ஜிபிஎஸ் பொதுவாக 5 மீட்டர் அளவில் பிழைபடும். அடர்ந்த மரங்களுக்கிடையிலும் பள்ளத்தாக்குகளிலும் பிழை மேலும் கூடும். ஆகவே ஒரே தடத்தை இருதிசைகளிலும் சிலமுறை பதிந்து, அக்கோடுகளின் நடுவே பாதையை வரைவது நல்லது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மவுண்டன் பைக் தடங்களுக்கு 0 முதல் 6 வரை கடினநிலை குறிக்கும் வசதி உண்டு. 0 என்பதே மிக எளியது. சைக்கிளுக்கு அனுமதியில்லாத பாதையாயின் அந்தத் தடையையும் தவறாமல் குறிக்க வேண்டும். பிற நிறுவனங்களின் வரைபடங்களைப் பார்த்து நகலெடுப்பது பதிப்புரிமைச் சிக்கலை உண்டாக்கும் என்பதால், நீங்களே பதிந்த கோட்டையும் நேரில் கண்டதையும் மட்டுமே சேருங்கள். பெருமழைக்குப் பின் மறுபடியும் நடந்து பார்த்து, மண் அரிப்பால் தடம் கடினமாகியிருந்தால் குறித்த நிலையைத் திருத்துங்கள். அந்த எண்ணை நம்பியே உங்களைப் போன்ற இன்னொரு புதியவர் அங்கே வருவார்.