கொரோனாவுக்குப் பின் அமைலேஸ் கூடியிருந்தால் கணையம் கெட்டுவிட்டதென்று பொருளா?

கொரோனாவிலிருந்து மீண்ட உங்கள் தந்தையின் ரத்த அறிக்கையில் அமைலேஸ் என்ற செரிமான நொதி கூடியிருப்பதைக் குறிப்பிட்டு, கணையம் கெட்டுவிட்டதா, இனிச் சர்க்கரை நோய் வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். 2021 மே மாதம் என் சித்தப்பாவின் அறிக்கையை என் கையாலேயே அச்செடுத்துவிட்டு உங்களைப் போலவே கலங்கியவன் என்பதால் எழுதுகிறேன்.

அந்தத் தாளில் அமைலேஸ் 214 என்று தடித்த எழுத்தில் இருந்தது. எங்கள் கூடத்தில் மேல்வரம்பு 100. "நுரையீரல் போதாதென்று இப்போது கணையமுமா?" என்று சித்தி அழுதார். பணியிலிருந்த மருத்துவர் பதறவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தார், வலி இருக்கிறதா என்று கேட்டார், பிறகு லைபேஸ் என்ற இன்னொரு செரிமான நொதியையும் பார்க்கச் சொன்னார். அது 46, வரம்பு 60. அத்துடன் அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார்.

அமைலேஸ் கணையத்தில் மட்டும் சுரப்பதன்று. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அதைச் சுரக்கின்றன. சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தாலும் அது வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். லைபேஸ் பெரும்பாலும் கணையத்திலிருந்தே வருவதால் அதன் சாட்சியத்துக்கு மதிப்பு அதிகம். திடீர்க் கணைய அழற்சி என்று முடிவு கட்டுவதற்கு, மேல்வயிற்றில் அதற்கே உரிய வலி, வரம்பைப்போல் 3 மடங்காவது உயர்ந்த நொதி அளவு, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்கவேண்டும். சித்தப்பாவுக்கு ஒன்றுகூட இல்லை.

இந்த அச்சம் பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. 2020-ல் வூஹான் நகர மருத்துவர்கள், நிமோனியாவுடன் வந்த 52 கொரோனா நோயாளிகளில் 9 பேருக்குக் கணையப் பாதிப்பு என்று எழுதினார்கள். ஆனால் அமைலேஸோ லைபேஸோ வரம்பைத் தாண்டியிருந்தாலே அவர்கள் அதைப் பாதிப்பு என்று கணக்கிட்டிருந்தார்கள். அதே ஆண்டில் நியூயார்க் பகுதி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 11,883 கொரோனா நோயாளிகளின் பதிவுகளை முறையான வரையறையைக் கொண்டு பார்த்தபோது, கணைய அழற்சி இருந்தவர்கள் 32 பேர்தான். அந்த 32 பேரில் பெரும்பாலானோருக்குப் பித்தக்கல், மது போன்ற வழக்கமான காரணங்கள் அகப்படவில்லை என்பதால் கிருமியின் மீது சந்தேகம் விழுவது நியாயமே. ஆயினும் அது அரிது.

கிருமி அங்கே போய்ச் சேர வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. அது உயிரணுவுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் கணையச் சாறு செல்லும் நாளங்களிலும் அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களிலும் காணப்படுகிறது. இன்சுலின் சுரக்கும் பீட்டா அணுக்களிலும் அது இருக்கிறதா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை: இறந்தவர்களின் கணையத்தைச் சோதித்த சிலர் பீட்டா அணுக்களுக்குள்ளேயே கிருமியைக் கண்டார்கள், வேறு சிலர் அந்தப் புரதமே அங்கு மிக அரிது என்றார்கள். நோய் முற்றியவர்களுக்குக் கிருமி நேரடியாகத் தொடாமலே, உடலெங்கும் பரவும் அழற்சியாலும் ரத்த ஓட்டக் குறைவாலும் கணையம் அடிபடலாம்.

என் அனுபவத்தில் அமைலேஸைவிடக் கவனிக்கவேண்டியது சர்க்கரைதான். சித்தப்பாவுக்கு டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 6 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. அந்த மருந்து பலரின் உயிரைக் காத்தது, கூடவே சர்க்கரையையும் ஏற்றியது. காலையில் வெறும் வயிற்றில் 142 காட்டிய குளுக்கோமீட்டர், மதியச் சாப்பாட்டுக்குப் பின் 338 காட்டியது. "சாகுற வயசுல சர்க்கரையும் வந்துருச்சாடா தம்பி" என்றார். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை, சேர்த்த அன்றே எடுத்தபோது 6.0 காட்டியது என்பதால், அவருக்கு முன்பே நோய் இருக்கவில்லை, எல்லைக்கோட்டில்தான் நின்றிருந்தார் என்பது தெரிந்தது. அன்று அது 8 அல்லது 9 என்றிருந்தால், கண்டுகொள்ளப்படாத பழைய நோய் என்று கொண்டிருப்போம். 'கொரோனாவால் வந்த சர்க்கரை' என்று வீட்டில் சொல்லப்படுவதில் இந்த வகையும் கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு நின்றபின் அவருக்குப் போட்டுவந்த இன்சுலின் ஊசி படிப்படியாகக் குறைக்கப்பட்டு மூன்றாவது வாரத்தில் நிறுத்தப்பட்டது.

2003-ல் பரவிய சார்ஸ் என்ற நுரையீரல் தொற்றிலும் இப்படிச் சர்க்கரை தோன்றி மறைந்தது. முன்பு சர்க்கரை நோய் இல்லாத, ஸ்டீராய்டும் கொடுக்கப்படாத 39 நோயாளிகளில் 20 பேருக்கு மருத்துவமனையில் சர்க்கரை நோய் தோன்றியது. 3 ஆண்டுகள் கழித்து அது நீடித்தது 2 பேருக்கே. ஆனால் எல்லோருக்கும் தானாகவே சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களிடம் நடத்தி 2022-ல் வெளியான பெரிய ஆய்வில், கொரோனா வந்தவர்களுக்கு அடுத்த ஓராண்டில் சர்க்கரை நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

உங்கள் தந்தையின் அமைலேஸ் 168 என்றும் அவருக்கு வலி ஏதுமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது லைபேஸ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், எச்பிஏ1சி மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மேல்வயிற்றில் கிளம்பி முதுகுவரை ஊடுருவி, முன்பக்கம் குனிந்தால் மட்டும் சற்றுத் தணியும் வலி வாந்தியோடு வந்தால், அறிக்கைக்கோ இங்கே வரும் பதிலுக்கோ காத்திராமல் அன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.