98 காட்டினால்தான் தூக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஈரோடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், ஐசியூ டியூட்டி. வீட்டுக்கு வந்தால் ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், கால் வைக்க முடியாது. கட்டுத்தரைக்குப் பக்கத்து அறையில் ஒரு கட்டில், தனித் தட்டு, தனி டம்ளர். அத்தை சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டு, நான் எடுப்பதற்குள் உள்ளே போய்விடுவார். எருமை தண்ணீர் குடித்ததா என்று நின்று பார்ப்பார்; என்னை ஒரு நாள்கூடச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. 2020 மார்ச் 22 அன்று எங்களுக்காகக் கை தட்டிய ஊர்தான். மளிகைக்கடைக்காரர் நான் நீட்டிய காசைக் கையில் வாங்கவில்லை. வீட்டுக்காரரும் அவங்க அம்மா பக்கம். ஊக்கத்தொகை தருவதாகச் சொன்ன நிர்வாகம் இன்றுவரை தரவில்லை. அந்தத் தட்டை அத்தை இன்னும் அட்டாலிப் பரணில் வைத்திருக்கிறார், பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. இப்போது ஒறம்பறை, சொந்தபந்தம் வந்தால் "எங்க மருமக கொரோனாவுல உசுரக் குடுத்து வேலை செஞ்சாளுங்க" என்று பெருமை வேறு. தூக்கமும் சரியில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாப்பா விரலில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்ப்பேன், 98 காட்டினால் படுத்துவிடுவேன். இப்போதெல்லாம் அவளே தூக்கத்தில் விரலை நீட்டிவிடுகிறாள். அதை விடுங்கள். எனக்குச் சாப்பாடு வைத்த அந்தத் தட்டை மறந்து, அத்தையை எப்படி மன்னிப்பது?

அம்மிணி,

அதை எப்படி விடுவது? நான் திரும்பத் திரும்பப் படித்ததே அந்த வரியைத்தான். தட்டைப் பற்றி இத்தனை எழுதினீர்கள், ஐசியூவில் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், வீட்டுக்குப் போன் போடச் சொல்வார், மூச்சு குறைவது அவருக்கே தெரியாது. விரலில் மாட்டினால் 80க்குக் கீழே. ஆளை நம்பாதே, எண்ணை நம்பு என்று அந்த வார்டு உங்களைப் பழக்கிவிட்டது. அங்கே அது சரி. ஓடியாடி விளையாடிவிட்டுத் தூங்கும் பிள்ளையிடம் அது எதற்கு? உங்கள் உடம்புக்கு அந்த டியூட்டி இன்னும் முடியவில்லை.

அத்தை மேல் கோபமாக இருக்கிறவரை, கண்ணெதிரே போனவர்களை நினைக்க வேண்டியதில்லை. அதனால்தான் கோபம் இத்தனை நாள் ஆறாமல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் கசக்கும், இருந்தாலும் சொல்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்காதது அவர் தப்பு, அதைப் பூசி மெழுகமாட்டேன். ஆனால் தட்டைத் தனியாக வையுங்கள் என்பது, அந்த மாதம் நீங்களே நோயாளி வீட்டாருக்குச் சொல்லி அனுப்பிய யோசனைதானே? அவர் செய்ததும் பயத்தில்தான், நீங்கள் ராத்திரியில் செய்வதும் பயத்தில்தான். அவர் பயத்தில் நீங்கள் நொந்தீர்கள். உங்கள் பயத்தைப் பாப்பா தூக்கத்திலேயே படித்துக்கொண்டாள்.

கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் கொடுத்து வையுங்கள். இரண்டு மணிக்கு வேண்டுமென்றால் அவரை எழுப்பிக் கேளுங்கள். எதுக்கு என்பார். அந்த வார்டைப் பற்றி அப்போதாவது வாயைத் திறங்கள். அப்புறம், அரசு தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒரு முறை போய் வாருங்கள். நர்ஸே போய் அங்கே உட்காருவதா என்ற கூச்சம் வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்தால் ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அத்தையை மன்னிக்க இப்போது அவசரமில்லை. ஊக்கத்தொகையை மட்டும் விடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.