ஹ்மாங் அகதி முகாமில் பிறந்து எழுத்தாளரானவர் யார்? அவர் ஏன் முக்கியம்?

காவ் காலியா யாங் என்று சொல்வேன். ஹ்மாங் மக்கள் லாவோஸ் மலைகளில் வாழ்ந்தவர்கள். வியட்நாம் போர்க்காலத்தில் அவர்களில் பலரை அமெரிக்காவின் சிஐஏ ரகசியமாகத் தன் பக்கம் போரிட வைத்தது. 1975-ல் அமெரிக்கா விலகியதும் லாவோஸின் புதிய கம்யூனிஸ்ட் ஆட்சி அவர்களை வேட்டையாடத் தொடங்கியது. காடுகளில் ஒளிந்தார்கள், மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குத் தப்பினார்கள். காலியா பிறந்தது அங்கே, பான் வினாய் முகாமில், 1980-ல். 1987-ல் குடும்பம் அமெரிக்காவின் மினசோட்டா போய்ச் சேர்ந்தது.

அங்கே ஒரு நாள் அம்மாவோடு கடைக்குப் போகிறாள் சிறுமி. அம்மாவுக்கு வேண்டியது மின்விளக்கு பல்பு. அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தெரியவில்லை. உலகத்தைப் பளபளக்க வைக்கும் பொருள் என்று திக்கித் திணறிச் சொல்லிப் பார்க்கிறார். கடைக்காரர் பாதியிலேயே நகர்ந்துவிட்டார். என் அம்மா அப்பா பேச்சு வேண்டாத உலகத்துக்கு என் பேச்சு மட்டும் எதற்கு என்று அந்தக் குழந்தை ஆங்கிலத்தில் பேசுவதையே நிறுத்திவிட்டது. பள்ளியில் பல வருடம் அப்படியே. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

பேச்சு நின்றாலும் எழுத்து வந்தது. கார்ல்டன் கல்லூரி, அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகம். 2008-ல் வந்த அவருடைய ‘தி லேட்ஹோம்கமர்’ நூல், பாட்டியை நடுவில் வைத்துச் சொன்ன குடும்பக் கதை. இன்றைய ரோமன் எழுத்துமுறையே ஹ்மாங் மொழிக்கு 1950-களில்தான் வந்தது. அவர்கள் வரலாறு பெரும்பாலும் கதையிலும் பாட்டிலும்தான் வாழ்ந்தது. அதை எழுத்தில் கொண்டுவந்ததால்தான் காலியா முக்கியம். ‘தி சாங் பொயட்’ நூலில் அப்படிப் பாட்டுக் கட்டும் தன் அப்பாவையே எழுதினார். முதலில் எதைப் படிப்பது என்றால், பாட்டியின் கதையில் தொடங்குங்கள்.